வீட்டில் ஒருவர் கொதிக்கும்போது: வாவிக்கரைக் குடும்பங்களுக்குச் சில குறிப்புகள்

முன்கோபக்காரரைத் திருத்துவதற்கு இந்தக் குறிப்புகள் எழுதப்படவில்லை. அது வேறு வேலை, நெடிய வேலை. அதே வீட்டில் இருக்கும் மற்றவருக்காக இவை: அம்மாவோ, சின்னம்மாவோ, ஓய்வூதியம் எடுத்துக்கொண்டு வீட்டோடு இருக்கும் அம்மப்பாவோ, உயர்தரம் படிக்கும் அக்காவோ. கோபம் வெடிக்கும் வேளையில் பிள்ளையின் கண் முதலில் கத்துகிறவரைப் பார்க்கும். அடுத்த நொடி உங்களைப் பார்க்கும். அந்த இரண்டாவது பார்வைக்கு நீங்கள் என்ன காட்டப்போகிறீர்கள் என்பதுதான் இங்கே விஷயம்.

மட்டக்களப்புப் பக்கத்தில் வீடு பெரும்பாலும் பெண்ணுக்குச் சீதனமாகப் போவது. கலியாணம் முடித்த ஆண் மனைவியின் ஊருக்கு வருகிறார். பக்கத்து வளவில் அவளுடைய அக்கா, பின்வளவில் அம்மா, றோட்டுக்கு அந்தப் பக்கம் மாமா. எழுவான்கரையோ படுவான்கரையோ, காத்தான்குடியின் நெருக்கமான ஒழுங்கைகளோ, எங்கே போனாலும் ஒரு பிள்ளையின் காதுக்கெட்டும் தூரத்தில் ஐந்தாறு பெரியவர்கள் இருப்பார்கள். ஒருவர் போடும் சத்தம் எல்லா வளவுக்கும் கேட்கும் என்பது தொல்லைதான். ஆனால் நிதானமான ஒருவரைத் தேடிப் பிள்ளை தூரம் போக வேண்டியதில்லை. இந்த வசதி கொழும்பு மாடிவீட்டுக்காரருக்குக் கிடையாது.

1. குரலைத் தாழ்த்துங்கள், ஆனால் வாயை மூடிக்கொள்ள வேண்டாம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பிள்ளைக்கு நன்றாகத் தெரியும். பயத்தில் வாயடைத்துப்போன அம்மாவின் தோள் உயர்ந்திருக்கும், கை துணி நுனியைப் பிசைந்துகொண்டிருக்கும், கண் வாசலைப் பார்க்கும். அதைப் பார்த்து வளரும் பிள்ளை பொறுமையைக் கற்பதில்லை, ஒளிந்துகொள்ளக் கற்கிறது. நிதானமாக இருப்பவர் பேசுவார். மெதுவாக, சொற்களைக் குறைத்துப் பேசுவார். "கேட்டுக்கொண்டுதான் இருக்கன். சாப்பிட்டுட்டுக் கதைப்பம்." இவ்வளவு போதும். நடையும் கொஞ்சம் மெதுவாகட்டும். வாய் திறக்காமல் அடுப்படியில் சட்டியை அடித்து வைப்பதும் ஏச்சுத்தான். பிள்ளை அதையும் எண்ணிக்கொண்டுதான் இருக்கும்.

2. சொல்லிக் கொடுப்பதைவிடப் பார்ப்பதுதான் பிள்ளைக்குள் இறங்கும். 1961இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் அல்பர்ட் பண்டூராவும் கூட இருந்தவர்களும் பாலர் வகுப்பு வயதுப் பிள்ளைகள் 72 பேரை வைத்து ஒரு பரிசோதனை செய்தார்கள். காற்றடைத்த பெரிய பொம்மையொன்றை ஒரு பெரியவர் குத்துவதையும் உதைப்பதையும் சுத்தியலால் அடிப்பதையும் சில பிள்ளைகள் பார்த்தார்கள். வேறு சிலர் பார்த்த பெரியவரோ பொம்மையைத் தொடாமல் தன்பாட்டில் விளையாடிக்கொண்டிருந்தார். பிறகு பிள்ளைகளைப் பொம்மையோடு விட்டபோது முதல் கூட்டத்துப் பிள்ளைகள் அதே குத்து, அதே உதை, பெரியவர் சொன்ன அதே சொற்கள் என்று அப்படியே செய்து காட்டினார்கள். இரண்டாவது கூட்டத்தில் இது மிகக் குறைவு. இந்தப் பரிசோதனையைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதல் பாதியோடு நிறுத்திவிடுவார்கள். எனக்கு இரண்டாம் பாதிதான் பெரிது. சத்தமில்லாமல் இருந்த பெரியவரையும் பிள்ளைகள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

3. கோபத்துக்கு நேரமும் காலமும் உண்டு. அவற்றைக் குறித்து வையுங்கள். தென்மேற்குப் பருவக்காற்று மழையையெல்லாம் மலைநாட்டின் மேற்குப் பக்கத்திலேயே கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் இறங்கும்போது வெறும் அனலாக வந்து சேர்கிறது. அதுதான் கச்சான் காற்று. ஆனி ஆடியில், மத்தியானம் இரண்டு மணிக்கு, தகரக் கூரைக்குக் கீழே யாருக்கும் பொறுமை மிஞ்சாது. வேறு நேரங்களும் இருக்கின்றன. வேளாண்மை வெட்டு முடிந்து நெல்லின் விலை தெரியவரும் கிழமை. விடியப்புறம் தோணியில் போனவர் வெறும் வலையோடு திரும்பும் காலை. நுண்கடன் தவணைக்கு ஆள் வந்து வாசலில் நிற்கும் நாள். நோன்பு மாதத்தில் அஸருக்கும் நோன்பு திறப்பதற்கும் இடைப்பட்ட பொழுது. கார்த்திகை மார்கழி அடைமழையில் வளவுக்குள் வெள்ளம் ஏறி, எல்லோரும் ஓர் அறைக்குள் அடைபட்டுக் கிடக்கும் நாட்கள்.

இந்த நேரங்களில் பிள்ளையின் தேர்ச்சி அறிக்கையை நீட்ட வேண்டாம். சப்பாத்துக்குக் காசு கேட்க வேண்டாம். மாமியார் வீட்டு விஷயத்தை எடுக்கவே வேண்டாம். "இப்படிப் பயந்து பயந்து நடக்க வேணுமா?" என்று ஒரு கேள்வி வரும். மழை கறுக்கும்போது நெல்லுக் காயப்போடாமல் இருப்பதை யாரும் பயம் என்று சொல்வதில்லை. பிள்ளைக்கும் இதைச் சொல்லிக் கொடுக்கலாம்: "இப்ப வேணாம் மனே, பின்னேரம் கேப்பம்." எந்த நேரத்தில் எதைக் கேட்பது என்று அறிவது வாழ்நாள் முழுக்கப் பயன்படும் கைத்தொழில்.

4. உடம்பை முதலில் கவனியுங்கள். வெயிலில் வந்தவருக்குத் தண்ணீர், பிறகு தேத்தண்ணி, பிறகு சோறு, அதற்குப் பிறகுதான் செய்தி. கிணற்றடிக்குப் போய் நாலு வாளி அள்ளி ஊற்றிக்கொண்டு வந்தவர் அதே சண்டையை அதே வேகத்தில் தொடர்வது அபூர்வம். கோபம் வந்தால் நிற்பவர் உட்காரட்டும், அப்படியும் ஆறாவிட்டால் படுக்கட்டும் என்பது நபிகள் நாயகத்தின் அறிவுரை. ஒளுச் செய்து குளிர்ந்துகொள்ளச் சொல்வதும் உண்டு. வாவிக்கரையின் முஸ்லிம் வீடுகளில் பிள்ளைகள் இதைக் கேட்டே வளர்கிறார்கள். எந்த மதத்தவரும் எடுத்துக்கொள்ளக் கூடிய புத்தி இது. உட்கார்ந்திருப்பவருக்குக் கையை ஓங்குவது கடினம். ஆகவே கதிரையை இழுத்துப் போடுங்கள். நீங்களும் உட்காருங்கள்.

5. வைகாசியில் ஊர் செய்வதை வீட்டுக்குள் கொண்டுவாருங்கள். வாவியின் இரு கரையிலும் கண்ணகை அம்மன் கோயில்கள் வருடத்தில் இந்த மாதத்தில்தான் கலகலப்பாகும். செட்டிபாளையம், மகிழடித்தீவு, தெற்கே காரைதீவு என்று ஊர்கள் பல. கோவலனுக்கு நடந்த அநீதியையும் மதுரை எரிந்த கதையையும் கண்ணகி வழக்குரையாகப் படித்து, முடிவில் திருக்குளிர்த்தி பாடி அம்மனின் கோபத்தை ஆற்றுகிறார்கள்.

இதில் பக்தியை ஒரு பக்கம் வைத்துவிட்டு ஒழுங்கை மட்டும் பாருங்கள். அம்மனோடு யாரும் வாதாடுவதில்லை. "மதுரைச் சனம் என்ன குற்றம் செய்தது?" என்று ஒருவரும் குறுக்கே கேட்பதில்லை. அவளுடைய வழக்கு முழுவதையும் முதலில் கேட்கிறார்கள், அதுவும் நாட்கணக்கில். அதன் பிறகே குளிர்விப்பது. ஊரே கூடி நின்று, கோபம் ஆறும் வரை பாடுகிறது. வீட்டில் நாம் செய்வது இதற்கு நேர்மாறு. ஒருவர் கொதித்துக்கொண்டிருக்கும்போதே யார் பக்கம் நியாயம் என்று விசாரணை வைக்கிறோம். "நீங்கதானே நேத்துச் சொன்னீங்க" என்று பழைய சாட்சியைக் கூப்பிடுகிறோம். கேட்பதற்கு முன்பே தீர்ப்பு, அதற்குப் பிறகு ஆற்றுவதற்கு யாரும் இல்லை.

குளிர்த்திக்குப் போய்வந்த பிள்ளைக்கு இதை விளக்குவது எளிது. அம்மனுக்கே கோபம் வந்தது, அதற்குக் காரணம் இருந்தது, எல்லோருமாகச் சேர்ந்து ஆற்றினார்கள் என்று சொன்னால் ஆறு வயதுப் பிள்ளைக்கும் விளங்கும். கோபம் கெட்டதென்று சொல்லாமலே கோபத்தை என்ன செய்வதென்று சொல்லிவிடலாம். கறியில் உப்புக் கூடியதற்கு வரும் கோபத்தைக் கண்ணகையின் கோபத்தோடு ஒப்பிட முடியாதுதான். அதை நீங்கள் மனதுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

6. பிள்ளைக்குச் சொல்ல மூன்று வசனங்களைத் தயாராக வைத்திருங்கள். "அப்பாக்கு இப்ப கோவம். அது உன்னால வந்ததில்ல. நான் இஞ்சதான் இருக்கன்." வாப்பாவோ, மாமாவோ, பெத்தாவோ, பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். இந்த மூன்றில் நடுவில் இருப்பதுதான் முக்கியம். வீட்டில் நடக்கும் எல்லாவற்றுக்கும் தானே காரணம் என்று நினைப்பது சின்னப் பிள்ளைகளின் இயல்பு. யாரும் மறுத்துச் சொல்லாவிட்டால் அந்த நினைப்பு அப்படியே உறைந்துவிடும். பிள்ளை செய்த குழப்படியில்தான் சண்டை தொடங்கியது என்றால்? அப்போதும் இரண்டையும் பிரித்துச் சொல்லலாம்: "நீ கண்ணாடியை உடைச்சது பிழை. அப்பா இவ்வளவு கத்தினது உன்ட பிழையில்ல." செய்யக் கூடாத இரண்டும் உண்டு. "உங்கப்பன் ஒரு மிருகம்" என்று சொல்லக் கூடாது. "அவர் உன்னில இருக்கிற பாசத்திலதான் ஏசுறார்" என்றும் சொல்லக் கூடாது. முதலாவது பிள்ளையின் பாதியை வெட்டுகிறது. இரண்டாவது, ஏச்சும் பாசமும் ஒன்று என்று படிப்பித்துவிடுகிறது. பின்னாளில் அந்தப் பாடத்தை அழிக்கப் பெரும்பாடு பட வேண்டியிருக்கும்.

7. "அப்பா வரட்டும், சொல்லுறன்" என்ற மிரட்டலை இன்றோடு விட்டுவிடுங்கள். முன்கோபக்காரரின் கோபத்தைக் கடன் வாங்கி வீட்டை நடத்துவது அது.

8. பிள்ளையைத் தூது விடாதீர்கள். "போய் உங்கம்மாட்டச் சொல்லு" என்று தொடங்கும் வசனம் எதுவானாலும் பெரியவர்கள் நேரில் பேசிக்கொள்ளட்டும். அம்மா குவைத்திலோ சவூதியிலோ வேலையில் இருக்கும் வீடுகளில் இது இன்னும் கவனம். கிழமைக்கொருமுறை வரும் வாட்ஸ்அப் அழைப்பில் அப்பாவைப் பற்றிப் பிள்ளையிடமும், பிள்ளை வழியாக அம்மாவிடமும் முறைப்பாடுகள் போகத் தொடங்கினால், அந்தப் பிள்ளை போன் அடித்தாலே வெளியே ஓடிவிடும். அழைப்பு பிள்ளைக்குரியது. வழக்குப் பேச வேண்டுமானால் வேறு நேரத்தில் எடுங்கள்.

9. மூச்சை நீட்டி விடச் சொல்லிக் கொடுங்கள். உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவது நீளமாக இருந்தால் இதயத் துடிப்பு தணிகிறது. இது மந்திரம் அல்ல, நரம்பு மண்டலம் வேலை செய்யும் விதம். சின்னப் பிள்ளைக்கு ‘மூச்சுப் பயிற்சி’ என்றால் ஓடிவிடும். சுடச்சுட இருக்கும் பிட்டை ஊதி ஆற்றச் சொல்லுங்கள், செய்யும். பிறகு கோபம் வரும்போது "பிட்டு ஊது" என்றால் போதும். நீங்கள் ஊதுவதையும் அது பார்க்க வேண்டும்.

10. கைக்கு வேலை கொடுங்கள். இதற்கு மட்டக்களப்பிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. 1996இல், யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது, யேசு சபைத் துறவியும் உளவளத்துணையாளருமான போல் சற்குணநாயகம் அடிகளாரும் கனடாவிலிருந்து வந்த ஓவியர் போல் ஹோகனும் சேர்ந்து நகரில் ஒரு தோட்டத்தைத் தொடங்கினார்கள். வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா என்று பெயர். ஹோகன் அதற்கு முன்பு ரொறொன்ரோவில், உடல் ஊனமுற்ற பிள்ளைகளும் மற்றப் பிள்ளைகளும் சேர்ந்து விளையாடும் தோட்டம் ஒன்றை அமைத்தவர். மட்டக்களப்பில் தமிழ்க் கிராமங்களிலிருந்தும் முஸ்லிம் கிராமங்களிலிருந்தும் பிள்ளைகளைப் பூங்காவின் பஸ்ஸிலேயே ஏற்றி வந்தார்கள். 1990இல் இரு பக்கத்து ஊர்களிலும் நடந்த கொலைகளுக்குப் பிறகு ஒருவர் ஊருக்குள் மற்றவர் கால் வைக்கவே யோசித்த காலம் அது.

அங்கே போன பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்காரவைத்து "உனக்கு என்ன நடந்தது, சொல்லு" என்று யாரும் தோண்டவில்லை. களிமண் கொடுத்தார்கள். சாயம் கொடுத்தார்கள். கதை கட்டினார்கள், நாடகம் போட்டார்கள், மரம் செடிகளுக்குள் அலைய விட்டார்கள். கூட இருந்தவர்கள் இதே மண்ணின் இளைஞர்கள். அவர்களும் இழப்புகளைச் சுமந்தவர்கள்தான். பிள்ளைகளோடு நிதானமாக இருப்பதற்கு முன் தங்களோடு நிதானமாக இருக்க அவர்களும் பழக வேண்டியிருந்தது. பெரிய நிறுவனங்கள் எழுதும் அறிக்கைகளைவிட இந்தத் தோட்டம் சொல்லும் பாடம் நேரானது என்று நினைக்கிறேன்: கை அமைதியடைந்த பிறகுதான் வாய் பேசும்.

வீட்டில் இதற்குப் பஸ்ஸும் வேண்டாம், தோட்டமும் வேண்டாம். வயல்வரம்பில் எடுத்த களிமண்ணை ஈரத்துணியில் சுற்றி ஒரு வாளியில் வைத்திருங்கள். பழைய கலண்டர் தாளின் வெறும் பக்கம், நாலு வர்ணப் பென்சில், ஓலைத் துண்டு. சண்டை முடிந்த பின்னேரத்தில் நீங்களும் கூட உட்கார்ந்து எதையாவது உருட்டுங்கள். கேள்வி கேட்க வேண்டாம். பிள்ளை செய்வதைப் பார்த்து "இது என்ன, ஆர் இது?" என்று குறுக்கு விசாரணை வேண்டாம். அது சொல்ல நினைத்தால் சொல்லும். இன்னொன்று: பூங்காவில் பிள்ளைகளுக்குத் தவறாமல் வரும் ஒரு நாள் இருந்தது. வீட்டிலும் அப்படி ஒரு பொழுது இருக்கட்டும். ஞாயிறு பின்னேரம் என்றால் ஞாயிறு பின்னேரம்தான், வெள்ளம் வந்தாலும்.

11. போக ஓர் இடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பெத்தா வீடு, பெரியம்மா வீட்டு விறாந்தை, பக்கத்து வளவு மாமரத்தடி, எதுவானாலும் சரி. அந்த வீட்டுக்காரரோடு நீங்கள் அமைதியாக இருக்கும் ஒரு நாளில் பேசி வைக்க வேண்டும்: பிள்ளை வந்தால் "என்ன, வீட்டில சண்டையா?" என்று கேட்கக் கூடாது, தேத்தண்ணியும் விசுக்கோத்தும் கொடுத்தால் போதும். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளை தம்பி தங்கையையும் கூட்டிக்கொண்டு போகலாம். ஆனால் சண்டையைத் தடுக்கும் பொறுப்பை மூத்த பிள்ளையின் தலையில் கட்டாதீர்கள். "நீ மூத்தவள், நீதான் அப்பாவைச் சமாளிக்க வேணும்" என்ற பேச்சைக் கேட்டு வளர்ந்த எத்தனையோ அக்காமார் நாற்பது வயதிலும் எல்லோரையும் சமாளித்துக்கொண்டே இருக்கிறார்கள்.

12. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு முந்திய மாதங்களைத் தனியாகக் கவனியுங்கள். அப்பா, அம்மா, ரியூசன் ரீச்சர், அயல்வீட்டு ஆன்ரி எல்லோரும் ஒரே நேரத்தில் முன்கோபிகள் ஆகும் காலம் இது. பத்து வயதுப் பிள்ளையின் வெட்டுப்புள்ளிக்குள் குடும்பத்தின் மானத்தைக் கொண்டுபோய் வைத்துவிட்டோம். கணக்குச் சொல்லிக் கொடுப்பவர் ஒருவராகவும், பிழையானால் கோபப்படுபவர் இன்னொருவராகவும் இருக்கும் வீட்டில் பிள்ளை கணக்கைப் பார்க்காது, முகத்தைத்தான் பார்க்கும். கோபக்காரர் இருக்கும் நேரத்தில் மாதிரி வினாத்தாளைத் திருத்த வேண்டாம். நீங்கள் திருத்தும்போது முதலில் சரியாக வந்த கேள்விகளுக்குச் சரி போடுங்கள். பிழையைச் சிவப்புப் பேனாவால் அடிக்காமல் பென்சிலால் ஒரு வட்டம் போடுங்கள். "இது ஏன் இப்படி வந்தது எண்டு எனக்கும் சொல்லித்தா" என்று கேட்டுப் பாருங்கள். சித்தியடையாத பிள்ளைகளும் சாதாரண தரம் எழுதுகிறார்கள், உயர்தரம் எழுதுகிறார்கள், கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கு வந்தாறுமூலைக்கும் போகிறார்கள்.

13. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மூன்று நாள் பேசாமல் இருப்பது நிதானம் அல்ல. 1970களில் எட்வர்ட் ட்ரோனிக் என்ற அமெரிக்க உளவியலாளர் தாய்மாரிடம் ஒன்று கேட்டுக்கொண்டார்: குழந்தையின் முன்னால் உட்கார்ந்து, சில நிமிடம் எந்த அசைவும் இல்லாமல் முகத்தை வெறுமையாக வைத்திருங்கள். குழந்தைகள் முதலில் சிரித்துப் பார்த்தன, கையை நீட்டின, சத்தம் போட்டன. பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டன, அழுதன. பேசவே தெரியாத குழந்தைக்கே இப்படி. அதே ஆராய்ச்சியில் ஆறுதலும் இருக்கிறது. தாயும் பிள்ளையும் எப்போதும் ஒத்துப்போவதில்லை, நாள் முழுக்க விலகி விலகித்தான் சேர்கிறார்கள். பிள்ளைக்கு வேண்டியது அந்தத் திரும்பச் சேர்தல். ஆகவே நீங்களே கத்திவிட்ட நாளில், படுக்கப் போகும் முன் பிள்ளையிடம் போய் "நான் கத்தினது பிழை மகள், பயந்திட்டியா?" என்று கேளுங்கள். காரணம் அடுக்க வேண்டாம். பெரியவர்கள் சண்டைக்குப் பிறகு சமாதானமாவதையும் பிள்ளை பார்க்கட்டும். சண்டையை வாசலில் வைத்துப் போடுகிறோம், சமாதானத்தை மட்டும் ஏன் அறைக்குள் ஒளிக்க வேண்டும்?

14. கோபக்காரர் வயதில் மூத்தவர் என்றால் மரியாதையை விடாமல் எல்லையைச் சொல்லலாம். பெத்தாவின் வீடு, பெத்தாவின் சட்டம். அதை மறுத்துப் பேரப்பிள்ளை முன்னால் அவரைத் திருத்தப் போனால் கோபம் இரண்டு மடங்காகும். பிள்ளையை வேறு வேலைக்கு அனுப்பிவிட்டு, "பெத்தா, நீங்க சொன்னது சரிதான். கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்க, புள்ள பயப்புடுறான்" என்று சொல்லுங்கள். அவர் உடனே "அந்தக் காலத்தில நாங்க வாங்காத அடியா?" என்று தொடங்குவார். அந்தக் கதையையும் கேளுங்கள். அவர் வாங்கிய அடியைப் பற்றி இதுவரை யாரும் அவரிடம் கேட்டிருக்க மாட்டார்கள்.

15. சாராயமோ கசிப்போ உள்ளே போன இரவில் நியாயம் பேச வேண்டாம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு விலகுங்கள். விடிந்த பிறகு, தெளிந்த நிலையில் பேசுங்கள். காலையில் எதுவும் நடக்காததுபோல் நடிக்கவும் வேண்டாம். பிள்ளை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தது.

16. சிலரின் கோபம் வீட்டில் தொடங்கியதல்ல என்பதையும் அறிந்திருங்கள். இந்தக் கரையில் 1990ஐக் கடந்து வந்தவர்கள் இருக்கிறார்கள். 2004 டிசம்பர் 26ஆம் திகதி நாவலடியிலும் கல்லடியிலும் டச்பாரிலும் கடலுக்குப் பிள்ளைகளைக் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். 2019 ஏப்ரல் 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறன்று சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்ததைக் கேட்ட காதுகள் இருக்கின்றன. பட்டாசுச் சத்தத்துக்குத் துள்ளி எழுவது, இரவில் நித்திரை இல்லாமை, சின்ன விஷயத்துக்கும் சீறி விழுவது, எல்லாம் ஒன்றோடொன்று தொடர்புள்ளவை. யாழ்ப்பாணத்தில் மனநல மருத்துவராக இருந்த தயா சோமசுந்தரம் ‘மனவடு’ என்ற நூலையே இதற்காகத் தமிழில் எழுதினார். மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அங்கே போவது பைத்தியத்துக்கு மருந்தெடுப்பது என்ற பேச்சை விட்டுவிட வேண்டும். சலரோகத்துக்குக் கிளினிக் போவதுபோல இதற்கும் போகலாம். காரணம் தெரிந்தால் உங்களுக்கு இரக்கம் வரும், நல்லதுதான். ஆனால் காரணம் அனுமதிப்பத்திரம் ஆகிவிடக் கூடாது. யுத்தத்தில் எல்லாம் இழந்த எத்தனையோ பேர் பிள்ளைகளிடம் குரல் உயர்த்தாமலே வாழ்கிறார்கள்.

17. கை ஓங்கப்பட்டால் நிதானத்தின் வேலை மாறுகிறது. இதுவரை சொன்னதெல்லாம் சத்தத்துக்கும் ஏச்சுக்கும்தான். பிள்ளையின் மேலோ உங்கள் மேலோ அடி விழுந்தால், பொறுத்துக்கொண்டு இருப்பதைப் பிள்ளைக்கு முன்மாதிரியாகக் காட்டாதீர்கள். உதவி கேட்பதைக் காட்டுங்கள். பாடசாலைகளில் பிள்ளைகளை அடிக்கக் கூடாதென்று கல்வி அமைச்சு 2005இல் சுற்றறிக்கை விட்டது. ஆசிரியர் அறைந்ததில் காது பாதிக்கப்பட்ட மாணவன் ஒருவனுக்கு இழப்பீடு கொடுக்கும்படி உயர் நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்தது. "வாத்தியார் அடிச்சா என்ன" என்ற காலம் சட்டத்தின் முன் முடிந்துவிட்டது. வீட்டுக்குள்ளும் அப்படித்தான் நினைக்க வேண்டும்.

முதலில் பிள்ளைகளோடு வெளியே வாருங்கள், 11ஆவது குறிப்பில் சொன்ன வீட்டுக்கு. பிறகு அழையுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் எண் 1929. இரவு பகல் எந்நேரமும் எடுக்கலாம், காசு இல்லை, தமிழிலும் பேசலாம், பிள்ளையே அழைக்கலாம். பெண்களுக்கான உதவி எண் 1938. மனம் பாரமாக இருக்கிறதென்றால், கோபக்காரருக்கே உதவி தேவையென்றால், தேசிய மனநல நிறுவகத்தின் 1926. உங்கள் பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தர் ஒருவர் இருக்கிறார். அவரை நேரில் போய்ப் பார்க்கலாம். இந்த எண்களை உங்கள் போனில் மட்டும் வைத்திருக்காதீர்கள், போன் பறிக்கப்படலாம். பிள்ளையின் கொப்பி மட்டையின் உள்பக்கத்தில் இன்றைக்கே எழுதி வையுங்கள்.